வலிக்குமா என்று நீ கேட்ட நாள்

அன்புள்ள முத்துவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் "சரிம்மா, கடைக்கு ஆள் வந்துட்டாவ, வைக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். டிராக்டர் ஒர்க்‌ஷாப்புக்கு அப்படி நிமிடத்துக்கு ஒரு ஆள் வருகிறார்களா என்று நானும் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன். படிக்காமல் ஒதுக்கி வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும், நீயாக ஒருநாள் திறப்பாய்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், சுகந்தியைத் திட்டாதே. நேற்றுக் காலையில் கொல்லங்கோட்டிலிருந்து போன் செய்தாள். "அத்தை, உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவரு சத்தியம் வாங்கியிருக்காருங்க. ஆனாச் சொல்லாம இருக்க முடியலீங்க. நாலு நாளா வலது கன்னம் வீங்கிக் கெடக்குதுங்க. மாத்திரையா முழுங்கறாருங்க. ஆசுபத்திரிக்குப் போலாம்னு சொன்னா வண்டிய எடுத்துக்கிட்டு எங்கியோ போயர்றாருங்க" என்றாள். கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. அந்தப் பெண் அடுத்துக் கேட்டதுதான் என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்தது. "அவருக்கு எம் மேல ஏதாச்சும் வெறுப்புங்களா அத்தை? மொகத்தைத் திருப்பிக்கிட்டே பேசறாருங்க. இந்தக் கலியாணம் வேண்டாம்னு நெனைக்கறாருங்களா?" கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. "வெறுப்பெல்லாம் இல்லம்மா. அவனுக்குப் பயம்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பத்தொன்பது வருடமாக உன்னைப் பற்றி யார் கேட்டாலும் பிடிவாதக்காரன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். பயம் என்ற சொல்லை நேற்றுத்தான் முதல்முதலாக வாயில் எடுத்தேன்.

முழங்கால் தேய்ந்து நான் தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பிறகு மூணாறு டவுனில் பல் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தது உனக்குத் தெரியும். எட்டு வருடமாகிறது. இப்போது துடைப்பம் வேறொருத்தி கையில் இருக்கிறது, நான் முன் மேசையில் உட்கார்ந்து பேர் எழுதுகிறேன், தமிழ் ஆட்கள் சொல்வதை டாக்டருக்கும் டாக்டர் சொல்வதைத் தமிழ் ஆட்களுக்கும் மாற்றிச் சொல்கிறேன். இதையெல்லாம் நீ ஒருநாளும் கேட்டதில்லை. நான் வேலைக் கதையை எடுத்தாலே தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாய். அம்மாவின் வேலை பையனுக்குக் கேவலமாகப் போய்விட்டது என்று நினைத்து நான் எத்தனை நாள் கறுவியிருக்கிறேன் தெரியுமா? ஒரு தீபாவளிக்கு உன்னோடு பேசாமலே இருந்தேனே, அதற்குக் காரணம் இதுதான். நீ எழுந்து போனது என்னை விட்டு இல்லை, என் பேச்சில் வந்த நாற்காலியை விட்டும் ஊசியை விட்டும்தான். அது எனக்கு அப்போது புரியவில்லை.

எங்கள் டாக்டரை நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைச் சேச்சி என்பார். கோட்டயம் பக்கத்துப் பெண், உன்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்க்கிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தாளைக் கொண்டுவந்து, வருகிறவர்கள் எல்லாரும் உள்ளே வருவதற்கு முன் இதை நிரப்ப வேண்டும் என்றார். ஐந்தே கேள்விகள். நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? வெளியே காத்திருக்கும்போது எப்படி இருக்கும்? பல்லைக் குடையப் போகிறார்கள் என்றால்? சுரண்டிச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றால்? ஈறில் ஊசி போடப் போகிறார்கள் என்றால்? ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை, பயமே இல்லை என்பதில் தொடங்கி ரொம்ப ரொம்பப் பயம் வரைக்கும். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டுக் கூட்டிப் பார்ப்பார்கள். காய்ச்சலுக்குக் கண்ணாடிக் குழாய் வைத்துப் பார்ப்பதை நான் அறிவேன். பயத்துக்கும் ஒரு அளவுகோல் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னது?

அந்தத் தாள் மலையாளத்தில் இருந்தது. "சேச்சி, இத நீங்க தமிழ்ல ஆக்கித் தரணும்" என்றார். வாசித்துப் பார்த்தால் வரிக்கு வரி 'பேடி'. பேடியில்லை, கொஞ்சம் என்றால் குறச்சு பேடி, ரொம்ப என்றால் வளரெ பேடி. நான் சிரித்துவிட்டேன். "மேடம், உங்களுக்குப் பேடின்னா பயம். எங்க கிழவனுவ கிட்டப் போயி பேடியான்னு கேட்டா நாக்காலியத் தூக்கிருவானுவ. எங்க பாஷையில அது நீயெல்லாம் ஆம்பளையான்னு கேக்கிற வார்த்தை" என்றேன். அவரும் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். பிறகு நிமிர்ந்து, "அப்போ பயம்னு எழுதினா ஆம்பளைங்க சத்தியம் சொல்லுமோ?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும் விடை தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் சோதித்துப் பார்க்க ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து உன் அப்பாவிடம் நீட்டினேன். "எனக்கென்னட்டி பயம்? ஃபேக்டரியில அத்தனை மிஷினுக்கு நடுவுல நிக்கேன்" என்று ஐந்துக்கும் 'பயமே இல்லை' என்று கோடு போட்டார். மறுநாள் மேடம் அதைப் பார்த்துவிட்டு, "சேட்டன் இங்க ஒருதடவையாவது வந்துட்டுண்டோ?" என்றார். எட்டு வருடத்தில் என்னை அழைத்துப் போகக்கூட வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார், கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு. அதைச் சொன்னேன். "அதாக்கும் விடை. தாள்ல எழுதினதல்ல" என்றார் மேடம். இதை நீ அப்பாவிடம் சொல்லிக் காட்டாதே, பாவம்.

தாளை மட்டும் நம்பினால் பயத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை நான் அங்கே உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். எஸ்டேட் ரோட்டில் ஜீப் ஓட்டுகிற ஒருவர் வந்தார். ஒரு பக்கச் சக்கரம் காற்றில் நிற்கிற வளைவுகளில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு பாட்டுப் பாடியபடி போகிற ஆள். தாளில் ஐந்துக்கும் ஒன்று ஒன்றாகப் போட்டுத் தந்தார். ஆனால் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார். மூன்று தடவை போய் முகம் கழுவினார். அதற்கு முன் மூன்று முறை தேதி வாங்கிவிட்டு வராமல் இருந்தவர் என்பதை நான் மேடத்திடம் முன்பே சொல்லியிருந்தேன். உள்ளே சாய்த்துப் படுக்க வைத்ததும் கால்விரல் பத்தும் விறைத்து நின்றது, கைப்பிடியை இறுக்கின இறுக்கில் நகம் வெளுத்துவிட்டது. விரலில் மாட்டுகிற கிளிப்பில் நாடி நூறைத் தாண்டி ஓடியது. மேடம் நாற்காலியை நிமிர்த்தினார், ஆயுதத் தட்டை அவர் பார்வையிலிருந்து பின்னால் தள்ளினார், மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பயமா என்று கேட்கவில்லை. கடைசியாக எப்போது இப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தீர்கள், யார் கூட்டிப் போனார்கள், அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். பிறகு, சத்தமா, வாசனையா, ஊசியா, வலியா, எது ரொம்பக் கஷ்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த மனிதர் சொன்னார்: "வலியெல்லாம் தாங்கிருவேங்க. மல்லாக்கப் போட்டதும் இனிமே எந்திரிக்க விட மாட்டாவன்னு தோணிருது. மூச்சு முட்டுது." மேடம் அவரைப் படுக்க வைக்காமல், பாதி சாய்த்தே வைத்தியம் செய்தார். இடது கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்துவேன் என்று சொல்லி, ஒரு தடவை தூக்கச் சொல்லி நிறுத்தியும் காட்டினார்.

பயம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை, முத்து. ஒருத்திக்கு ஊசி முனையைக் கண்டால் ஆகாது, குடைகிற சத்தத்தில் தூங்கியே விடுவாள். ஒருவருக்குத் தொண்டையில் தண்ணீர் தேங்கினால் உயிர் போகிற மாதிரி. சிலருக்குப் பல்லே காரணம் இல்லை, எல்லாவற்றுக்கும் நடுங்குகிற மனசு, அவர்களை மேடம் மனநல டாக்டரிடம் அனுப்பி வைப்பார். கொஞ்சம் நடுங்கினாலும் வந்துவிடுகிறவர்களைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. "வலி வந்தாலும் வராத ஆளுண்டு சேச்சி. சாப்பாடு போச்சு, தூக்கம் போச்சு, போட்டோவுக்கு நிக்க மாட்டாங்க, ஆனாலும் வராது. அது பிடிவாதம் அல்ல, அசுகமாக்கும்" என்று ஒருநாள் சொன்னார். அசுகம் என்று அவர் சொன்னதும் எனக்கு நீ சோற்றை இடது பக்கம் ஒதுக்கி மெல்லுவது ஞாபகம் வந்தது. பேசும்போது வாய்க்கு முன்னால் கையைக் கொண்டுபோவதும், உன் அக்கா கல்யாணப் போட்டோ ஒன்றில்கூட நீ உதட்டைத் திறக்காததும் வரிசையாக வந்தன.

அன்று மத்தியானம் ஒரு வெற்றுத் தாளை எடுத்து உனக்காக நானே நிரப்பினேன். எல்லாவற்றுக்கும் ஐந்து. ஊசிக்கு மட்டும் நாலு போட்டேன், பள்ளிக்கூடத்தில் தடுப்பூசிக்கு முதல் ஆளாகக் கையை நீட்டினவன் நீ. இருபத்தைந்துக்கு இருபத்துநாலு வந்தது. பத்தொன்பது வந்தாலே கடும் பயம் என்று எடுத்துக்கொள்வார்கள். மேடம் தாளைப் பார்த்துவிட்டு, "ஆராணு இது? பேரில்லையே" என்றார். "எம் மகன் மேடம். அவன் வரல, நாந்தான் எழுதுனேன்." அவர் தாளைத் திருப்பி என் கையில் கொடுத்தார். "இது அவன் எழுதணும் சேச்சி. நீங்க எழுதினா இதுல இருக்கிறது உங்க பேடியாக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தில்தான், உன் மூன்றாம் வகுப்புக் கதையை அவரிடம் சொன்னேன். எப்போதும் சொல்வது போலவே சிரிப்பாகச் சொன்னேன். கடைசி வரியில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிற இடத்தில் மேடம் சிரிக்கவில்லை. எத்தனையோ பேரிடம் சொன்ன கதை, சிரிக்காத முதல் ஆள் அவர்தான்.

அந்தக் கதை உனக்கு என் வாயால் தெரியும். நடந்தபடி ஒருதடவை சொல்கிறேன். உனக்கு எட்டு வயது. கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கி இரண்டு நாளாக நீ சோறு தின்னவில்லை. பல் டாக்டரிடம் என்று சொன்னால் வரமாட்டாய் என்று, ஸ்கூல் ஷூ வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லி மலைக்குக் கீழே ஒரு டவுனுக்குக் கூட்டிப் போனேன். பஸ் முழுக்க நீ ஷூவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாய். அங்கே படியேறும்போதே உனக்குப் புரிந்துவிட்டது. நீ அழவில்லை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் நின்ற நர்ஸிடம் மரியாதையாக, "அக்கா, வலிக்குமா?" என்று கேட்டாய். அந்தப் பெண் கடலோரப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவள், தமிழ் ஒரு சொல் தெரியாது. அவள் பேசுகிற மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. பல்லை இழுப்பீர்களா என்று குழந்தை கேட்கிறான் என்று நினைத்து, உன் கன்னத்தைத் தடவி, சிரித்த முகத்தோடு, "ஆ, வலிக்கும் மோனே. இப்போ வலிக்கும்" என்றாள். உன் கண் அப்படியே விரிந்தது. சிரித்துக்கொண்டே ஒருத்தி, இப்போது வலிக்கும் என்று உன்னிடம் சொல்கிறாள்.

எனக்கு இரண்டு பாஷையும் தெரியும். அவள் சொன்னது என்ன, நீ கேட்டது என்ன என்று அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்தது. "அவ இழுக்கிறதைச் சொல்லுதாய்யா, நோவும்னு சொல்லல" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முத்து. அரை நாள் லீவில் வந்திருந்தேன், திரும்புகிற பஸ்ஸும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நீ இறங்கி ஓடப் பார்த்தாய். நான் உன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து மார்போடு அழுத்திக்கொண்டேன். ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் குறடை வைத்ததும், "மரக்கலம்மா, இன்னும் மரக்கல" என்று அலறினாய். "பொய் சொல்லாதல! ஊசி போட்டாச்சுல்ல" என்று அதட்டினேன். அதற்குப் பிறகு நீ என்னைக் கூப்பிடவில்லை. பல்லை எடுத்துப் பஞ்சை வைத்து அனுப்பினார்கள். நேரமாகிவிட்டது என்று ஷூவும் வாங்காமல் பஸ் ஏறினோம். ஷூ எங்கே என்று நீ கேட்கவே இல்லை.

இதைக் கேட்டுவிட்டு மேடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்போ பல்லுல பழுப்பு இருந்ததோ? முகம் வீங்கியிருந்ததோ?" ஆமாம் என்றேன், பழுப்பு என்று அவர் சொன்னது சீழை. சீழ் கட்டின இடத்தில் மரக்கிற மருந்து சரியாகப் பிடிக்காமல் போவது உண்டு என்றார். வேறு இடத்தில் போட்டுப் பார்ப்பார்கள், இல்லையென்றால் முதலில் மருந்து கொடுத்து வீக்கத்தை இறக்குவார்களாம். "பிள்ளை பொய் சொன்னதல்ல சேச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீ பொய் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு மரக்காமலே பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள், நான் பிடித்துக்கொடுத்திருக்கிறேன்.

அதோடு விட்டேனா? எஸ்டேட்டில் நம் வரிசை வீட்டு லயத்துக்கு வந்ததும் வராததுமாகப் பக்கத்து வீட்டில் போய், "எம் புள்ள வலிக்குமான்னு கேக்கான், அவ வலிக்கும் மோனேன்னு கொஞ்சுதா" என்று அந்த நர்ஸ் மாதிரியே ராகம் போட்டுச் சொன்னேன். எனக்குத்தான் அபிநயம் நன்றாக வருமே. மறுநாளே லயத்துப் பிள்ளைகள் உன்னை 'வலிக்கும் மோனே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஏழாம் வகுப்பு வரைக்கும் அதுதான் உன் பேர். பொங்கலுக்குத் திருநெல்வேலியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், "மைனி, அந்த வலிக்கும் மோனே கதையச் சொல்லு" என்பார்கள், நானும் சொல்வேன், நீ எழுந்து வெளியே போவாய். பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்க டாக்டர்கள் வந்த அன்று நீ தேயிலைக்குள் ஒளிந்துகொண்டாய். தேடிப் பிடித்து விறகுக் கட்டையால் அடித்தேன். எல்லாவற்றுக்கும் மேலே போன மாதம் நிச்சயத்தன்று சுகந்தியின் அம்மாவிடமும் அந்தக் கதையைச் சொன்னேனே, மேடம் சொன்னதையெல்லாம் கேட்ட பிறகும். சபையில் எல்லாரும் சிரிக்கும்போது என் வாய் அடங்குவதில்லை. நீ அப்போது மாப்பிள்ளைச் சட்டையோடு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாய், எழுந்து போகவும் முடியாமல். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் கதையை இனி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா நாலு புத்தி சொல்வது வழக்கம்தான். சிக்கனம், பொறுமை என்று பெரிய பெரிய விஷயமெல்லாம் உனக்குச் சொல்ல ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள், தாம்பூலத் தட்டோடு வருவார்கள். நான் சொல்வது சின்னது. சுகந்தி எதற்காவது பயந்தால், அது கரப்பான்பூச்சியாக இருந்தாலும், அதை நாலு பேர் நடுவில் கதையாகச் சொல்லாதே. அவள் சிரித்தாலும் சொல்லாதே. பிள்ளை பிறந்து அவனை எங்காவது கூட்டிப் போனால், போகிற இடத்தைச் சொல்லிக் கூட்டிப் போ. அழுதுகொண்டு வரட்டும், பரவாயில்லை. இன்னொன்றும் இருக்கிறது. உனக்கு எதில் பயம் என்பதை அவளிடம் நீயே சொல்லிவிடு. முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற புருஷனைப் பார்த்தால் எந்தப் பெண்ணும் தன்னிடம்தான் குறை என்று நினைப்பாள். நீ எழுந்து போனதைப் பார்த்து எட்டு வருடம் நானும் அப்படி நினைக்கவில்லையா?

இப்போது உன் கன்னத்துக்கு வருகிறேன். மேடத்திடம் நேற்றே கேட்டுவிட்டேன். காய்ச்சல் வந்தாலோ, எச்சில் விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, வாயைத் திறக்க முடியாமல் போனாலோ, வீக்கம் கண்ணுக்கு ஏறினாலோ கழுத்துக்கு இறங்கினாலோ, அப்போது பயம், தாள், அம்மா எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பாலக்காட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் நான் கெஞ்ச மாட்டேன், சுகந்தி அண்ணனிடம் சொல்லி உன்னை வண்டியில் ஏற்றச் சொல்வேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். அப்படி எதுவும் இல்லையென்றால், அந்த வலி மாத்திரையை நீயாக முழுங்கிக்கொண்டே இருக்காமல் ஒரு டாக்டர் பார்த்துச் சரியான மருந்து எழுதித் தர வேண்டும். கொல்லங்கோட்டில் உனக்கு நம்பிக்கையான டாக்டர் இருந்தால் அங்கேயே போ. எங்கே போனாலும், உள்ளே நுழைந்ததும் "எனக்குப் பயம், சின்ன வயதில் மரக்காமல் பல்லைப் பிடுங்கினார்கள்" என்று சொல்லிவிடு. டாக்டருக்கு அது வெட்கக்கேடான செய்தி இல்லை, உனக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்வது போல அவருக்கு வேண்டிய தகவல். சத்தமா, ஊசியா, படுக்கிறதா, ஒரு அம்மா கையைப் பிடிப்பதா, உனக்கு எது ஆகாதோ அதை நீதான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாது. நான் போட்ட இருபத்துநாலைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இங்கே வருவதானால், வண்டியில் கோபாலபுரம் தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மலையேற ஐந்து மணி நேரம் ஆகும், கன்னத்தில் குளிர்காற்று படாமல் துணியைக் கட்டிக்கொண்டு வா. சுகந்தியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தால் இன்னும் நல்லது. மேடத்திடம் பேசியிருக்கிறேன். "வந்ததும் செயர்ல ஏத்த மாட்டேன் சேச்சி. வெளிய பெஞ்சுல இருந்து பேசுவோம். வீக்கம் பார்த்து மருந்து தருவேன். பல்லு தொடறது அவன் சம்மதிச்சாத்தான்" என்றார். ஒரு தடவை போதாது, இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். நான் அங்கே இருக்க வேண்டாம் என்று நீ நினைத்தால் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் உனக்கு ரசம் வைத்துக்கொண்டிருப்பேன். இருக்க வேண்டும் என்றால் முன் மேசையில் இருப்பேன், உள்ளே நீ கூப்பிட்டால் மட்டும் வருவேன்.

நாளை மறுநாள் சனிக்கிழமை, பதினொன்றரை மணி காலியாக இருந்தது. பேர் எழுதுகிற புத்தகம் என் கையில்தான் இருக்கிறது. எல்லார் பேரையும் பேனாவால் எழுதுவேன், மாற்றக் கேட்டால் சண்டைக்கு வருவேன், டவுன் முழுக்க என்னைப் பற்றி அப்படித்தான் பேச்சு. உன் பேரைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். உனக்கு முடியாது என்றால் வேண்டாம் என்று ஒரு சொல் அனுப்பு. ஏன் என்று கேட்க மாட்டேன். அழித்துவிட்டு இன்னொரு நாளில் எழுதுவேன். அதையும் பென்சிலால்தான் எழுதுவேன், மகனே.

உன்
அம்மா